தங்கை வீட்டுப் பின்சுவர்

வங்கிக் கடனுக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் அந்த இன்ஜினியரைத் தொழில் வட்டாரத்தில் ‘நொட்டை சார்’ என்பார்கள். தலைகீழாக நின்றாலும் கூட்டி எழுத மாட்டார். நல்ல குணம்தான், சொந்தக்காரர்களுக்குத்தான் உயிர் போகும். விருந்துக்குப் போன வீட்டிலும் மனுஷன் சுவரைத் தட்டிப் பார்ப்பார்.

அவர் தங்கை, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் காற்றே வராத ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். சின்னவளுக்கு மூச்சிளைப்பு வேறு. பார்த்த வீட்டையெல்லாம் அண்ணன் நொட்டை சொல்லியே கழித்துவிட்டதால், இந்த முறை அவரிடம் மூச்சுவிடவில்லை. வங்கி கொடுத்த முகவரிக்கு அவர் போய் நின்றால், வாசலில் தங்கை.

சொந்தக்காரர் வாங்கும் வீட்டுக்கு மதிப்புப் போடக்கூடாது. திரும்பியிருக்கலாம், கை சும்மா இருக்குமா? பின்னறை பீரோவை நகர்த்தினார். அதன் பின்னால் மட்டும் புதுப் பெயிண்ட். உள்ளங்கையை வைத்தார், சில்லென்றது.

“அடியிலேர்ந்து ஈரம் ஏறுதும்மா. வேணாம்.”

“நீ என்னிக்குண்ணா வேணும்னு சொல்லியிருக்க?”

சொந்தக்காரர் விதியை வங்கியில் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அடுத்து வருபவர் கண்ணில் படாமலா போகும், வங்கியே கடனை மறுத்துவிடும், பழி தன் தலையில் விழாது என்று கணக்கு. வந்தவரோ பழைய கூட்டாளி. வாங்குவது யார் என்று தெரிந்ததும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். நொட்டை சார் தங்கை வாங்கும் வீட்டில் தான் பார்க்க என்ன மிச்சமிருக்கும் என்று, பீரோவைத் தொடாமலே முழு விலைக்கு எழுதிவிட்டார்.

கடன் கிடைத்துவிட்டது என்று தங்கை போனில் சந்தோஷத்தில் அழுதபோதுதான், கூட்டாளி பீரோவை நகர்த்தவே இல்லை என்று இவருக்குப் புரிந்தது. மேனேஜரிடம் சொன்னால் கூட்டாளியின் பிழைப்பு போகும். தங்கையிடம் சொன்னால் நம்பமாட்டாள். இவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதே பத்திரப்பதிவே முடிந்துவிட்டது.

குடிபோன அன்று தங்கை அவரைக் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போனாள். அந்தச் சுவரை ஒட்டிப் பிள்ளைகளின் கட்டில். சின்னவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“உன் ஃப்ரெண்டே ஒரு குறையும் இல்லேன்னு எழுதிட்டார். இப்பவாவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லுண்ணா.”

இனி எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இருபது வருஷக் கடன் அவள் கழுத்தில் ஏறிவிட்டது.

“நல்ல வீடும்மா” என்றார். பிறகு பொறுக்கமாட்டாமல், “கட்டிலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடேன்.”

“பார்த்தீங்களா, ஆரம்பிச்சுட்டான்” என்று தங்கை சிரித்தாள். வீடே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார்.