முள்ளம்பன்றிப் படத்துக்குக் கதவண்ணன் சொன்ன தீர்ப்பு

இது சத்தியமாக நடந்த கதை. என் கண்ணால் பார்த்து, என் காதால் கேட்டது. துளிப் பொய் கிடையாது. சரி, சரி, முறைக்காதீர்கள். அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன். ஆறு பேர் சண்டை போட்ட இடத்தில் அறுபது பேர் என்று சொல்வது என் பழக்கம். நீங்களே பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு ஒதுங்கி என் வண்டி ஸ்டாண்டில் நின்ற தையல்காரரிடமும் கொத்தனாரிடமும் இப்படித்தான் ஆரம்பித்தேன். தையல்காரர் அப்போதே, "நூத்தால வகுக்கணும்" என்றார். போகட்டும்.

நான் தியேட்டர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவன். எனக்கு நேர் எதிரே தியேட்டரின் வெளிவாசல். படம் முடிந்தவர்கள் அங்கிருந்துதான் ஏழு படி இறங்கி வரவேண்டும். படிக்கு மேலே இரும்புக் கதவை ஒட்டி ஒரு ஸ்டூல். அதில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவர்தான் கதவண்ணன். அப்படி ஒல்லி. கதவோடு ஒட்டி நின்றால் தாழ்ப்பாள் என்று நினைத்து நாம் கையை வைத்துவிடுவோம்.

கதவைத் திறந்து மூடுவது அவருக்கு உபதொழில்தான். உண்மையான வேலை வேறு. எங்கள் முதலாளி படம் பார்க்கிற ஜாதி இல்லை. இருட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். குறட்டை விட்டால் திரை ஆடும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் படிக்கு வந்து கதவண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நிக்குமா, போகுமா?"

அண்ணன் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார். 'நிக்கும்' என்றால் படம் அடுத்த வாரமும் உண்டு. 'போகும்' என்றால் அன்றைக்கே போஸ்டரைக் கிழித்துவிடலாம். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாக்கு தப்பியதே இல்லை. சரி, இரண்டு தடவை தப்பியிருக்கிறது. இரண்டு தடவையும் மழை.

அவர் யாரையும் வாய் திறந்து கேட்கமாட்டார். ஜனங்களின் காலைப் பார்ப்பார். வெளியே வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு நேராக வண்டிக்கு நடந்தால் படம் செத்தது. படியிலேயே நின்று ஒரு கட்டத்தை நடித்துக் காட்டினால் பிழைத்தது. இதில் வேடிக்கை, அவர் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. கதவைத் திறக்க உள்ளே போகும்போது கடைசிப் பத்து நிமிஷம் பார்ப்பார், அவ்வளவுதான். ஆயிரம் கல்யாணம் பார்த்திருக்கிறார், ஒரு காதலைக்கூடப் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனுஷன் வாழ்க்கையில்தான் அந்த முள்ளம்பன்றிப் படம் வந்து விழுந்தது.

கார்ட்டூன் படம். குடும்பத்தோடு பார்த்துச் சிரியுங்கள் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். முள்ளம்பன்றி அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு மாமனார். எங்கேயும் வீடு கிடைக்காமல் ஒரு பலூன் கடைக்கு மேல் மாடியில் குடிவருகிறார்கள். அப்புறம் என்ன? ஏறினால் 'பட்', இறங்கினால் 'பட்', தும்மினால் பத்து பலூன் காலி. கடைசியில் குடியிருக்கிற வீடு போய்விடக்கூடாது என்று அப்பா தன் முள்ளையெல்லாம் தானே மழித்துக்கொண்டு உரித்த கிழங்கு மாதிரி வந்து நிற்பார். பலூன் கடைக்காரர் கட்டிப்பிடித்து அழுவார். படம் முடிந்தது.

அதே வாரம் முதலாளியின் மருமகன் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வெளிவாசலில் நட்டார். அதில் மூன்று பொத்தான். பச்சையில் சிரித்த மூஞ்சி, மஞ்சளில் சும்மா மூஞ்சி, சிவப்பில் கடுத்த மூஞ்சி. வெளியே வருகிறவர்கள் ஒன்றை அழுத்தவேண்டும்.

"இன்னும் எத்தனை நாளைக்கு மாமா ஆளுங்க காலைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க?" என்றார் மருமகன். "இந்த வாரம் மெஷினும் சொல்லட்டும், கதவண்ணனும் சொல்லட்டும். அண்ணன் சொல்றது தப்பினா ஸ்டூலை எடுத்துடலாம். பின்னால ஜெனரேட்டர் ரூம்ல ஆள் வேணும்ல?"

முதலாளியும் மண்டையை ஆட்டிவிட்டார். ஜெனரேட்டர் ரூமில் புகையும் சத்தமும்தான் துணை. ஜனங்கள் முகம் பார்த்தே வயிறு நிறைகிற ஆளை அங்கே கொண்டுபோய் அடைத்தால் அவர் ஒரு மாதம் தாங்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி விட்டது. அண்ணன் குனிந்து காலைப் பார்த்தார். பாதிக் கால் வண்டிக்குப் போனது, பாதிக் கால் படியிலேயே நின்றது. சரி, குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம் என்றால் ஒரே குடும்பத்தில் புருஷன் ஸ்டாண்டில், பெண்டாட்டி படியில்.

"எவனாவது தன்னைத்தானே மழிச்சுக்குவானா? கேனத்தனமா இருக்கு. வாடி, போகலாம்!"

"வீட்டுக்காக மழிச்சுக்கிட்டாருங்க. உங்களுக்கு எங்க புரியப்போகுது? ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு பதினோரு வருஷமா கத்துறேன்."

"படத்தைப் பத்திப் பேசு!"

"படத்தைப் பத்தித்தான் பேசுறேன்!"

நடுவில் மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்த மாமனாருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்லை அந்த வீட்டுல" என்றார். பேரன் சிரித்துக்கொண்டே படியில் உருண்டான்.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "யோவ் டோக்கன், ஒரே வீட்டுல எட்டுக் காலு எட்டுத் திசைக்குப் போகுதுய்யா. நான் எதைன்னு எண்ணுவேன்?"

சனிக்கிழமை இருபத்தாறு வருஷ விரதத்தை முறித்தார். வாயைத் திறந்து கேட்டேவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு வந்த ஒருவர், "படம் படுமோசம்" என்றார்.

"அப்ப எதுக்கு சார் இப்படிச் சிரிச்சீங்க?"

"அதான் கோபம். சின்னப் பசங்க படத்துக்கு நான் சிரிக்கலாமா?"

இரட்டைக் குழந்தையோடு வந்த அம்மா, "அருமையான படம்ண்ணே! நான் ஆரம்பத்துலயே தூங்கிட்டேன். ரெண்டும் அசையாம பார்த்துச்சுங்க. மூணு வருஷத்துல இப்பத்தான் தூங்குறேன்" என்றார்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நின்று நிதானமாக, "முள்ளம்பன்றி கிழங்கு, வேர்தான் தின்னும். இதுல மீன் குழம்பு ஊத்திச் சாப்பிடுது. இதைப் பார்த்துட்டு வர்ற பிள்ளைக்கு நான் எப்படிப் பாடம் நடத்துறது?" என்று அண்ணனிடமே கேட்டார். என்னமோ அண்ணன்தான் அந்த முள்ளம்பன்றிக்கு மீன் வாங்கிக் கொடுத்த மாதிரி.

மெஷின் கதை இன்னும் மோசம். ஒரு குட்டிப் பெண்ணை அப்பா தூக்கிக் காட்ட, அது சிவப்பு மூஞ்சியைப் பார்த்ததும், "அய்ய், இது அப்பா மாதிரியே இருக்கு!" என்று கைதட்டி அமுக்க ஆரம்பித்தது. அமுக்கியது, அமுக்கியது, விரல் சிவக்கும்வரை அமுக்கியது. அண்ணன் ஓடிப்போய் மருமகனிடம் சொன்னார். அவர் செல்போனிலிருந்து நிமிராமலே, "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுண்ணே" என்றார்.

"மெஷினுக்குத் தெரியாது. குழந்தைக்கு ஆள் அடையாளம் நல்லாத் தெரியுது" என்று முணுமுணுத்துக்கொண்டு அண்ணன் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேறு வழியில்லாமல், சம்சாரத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு தானே படம் பார்க்க உட்கார்ந்தார். பெயர் போடுவதிலிருந்து. ஸ்டூலுக்கு என்னை வைத்துவிட்டுப் போனார். படம் விட்டது. கதவைத் திறந்தேன். கூட்டத்துக்கு முன்னால் கத்திக்கொண்டு வருவது யார் என்று பார்த்தால் நம்ம அண்ணன்!

"முள்ளு இல்லாம நாளைக்கு ஒரு நாய் வந்தா என்னம்மா பண்ணுவாரு? நாலு பேரைக் காப்பாத்த வேண்டிய மனுஷன் அம்மணமா நிக்கிறாரு!"

"நாய் வந்தா அம்மா பார்த்துக்குவா. அவளுக்கும்தானே முள்ளு இருக்கு?" என்றாள் மகள். "நீங்க எல்லாம் அப்பாதான் காப்பாத்தணும்னே நினைங்க."

"அதை விடு," என்றார் சம்சாரம். "அவரு முள்ளை எடுக்குறதுக்கு முன்னாடி பெண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? நீங்களும் அப்படித்தான், கேட்காம மீசையை எடுத்துட்டு வந்தீங்க!"

"என் மீசையை எதுக்குடி இழுக்கிற?"

இழுத்தார்கள். மீசையில் ஆரம்பித்து கல்யாணம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். பக்கத்தில் நின்ற குடும்பம் அண்ணன் பக்கம் சேர்ந்தது, அதற்கு அடுத்த குடும்பம் சம்சாரத்தின் பக்கம். அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் வண்டி விட இடமில்லாமல் ஹாரன் அடிக்கிறார்கள். எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது.

"யோவ் அண்ணே! காலைக் காட்சி வண்டி இருநூறு அப்படியே நிக்குது! ஒருத்தனும் எடுக்கல. சண்டையை வீட்டுல போய்ப் போடேன்யா!"

அண்ணன் சட்டென்று வாயை மூடினார். குனிந்து தன் காலைப் பார்த்தார். காலைக் காட்சி விட்டதிலிருந்து அந்தக் கால் ஒரு படிகூட இறங்கியிருக்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். பக்கத்தில் மருமகன், கையில் காகிதம். "சிவப்புதான் மாமா ஜாஸ்தி. தூக்கிடலாம்."

முதலாளி அண்ணனைப் பார்த்தார். "நிக்குமா, போகுமா?"

அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்தார். "முதலாளி, படம் நல்லாருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்றாங்க, என் தலையே வெடிச்சிடும் போல இருக்கு. ஆனா நிக்கும்."

"தெரியாமலே எப்படிச் சொல்றே?"

"காலையில பார்த்தவங்க இன்னும் வண்டியை எடுக்கல முதலாளி. இவங்க நாளைக்குச் சாட்சிக்கு ஆள் கூட்டிக்கிட்டு வருவாங்க."

முதலாளி ஸ்டாண்டை எட்டிப் பார்த்தார். மருமகனிடம் காகிதத்தை வாங்கி முகத்துக்கு விசிறிக்கொண்டார். "நிக்கட்டும்" என்றார்.

நின்றது. அடுத்த வாரம் அந்த ஈரத்துண்டுக்காரர் தன் தம்பியைக் கூட்டிவந்தார், அவர் சம்சாரம் தன் அக்காவைக் கூட்டிவந்தார். வாத்தியார் இன்னொரு வாத்தியாரோடு வந்தார். ஐந்து வாரம் ஓடியது. அண்ணன் ஸ்டூல் அண்ணனுக்கே. மெஷினை மருமகன் கக்கூஸ் வாசலில் மாட்டிவிட்டார். அங்கே அபிப்பிராய பேதமே கிடையாது, எல்லாரும் சிவப்பைத்தான் அமுக்குகிறார்கள்.

இதோடு கதையை முடித்துவிட்டுத் திரும்பினேன். மழை விட்டிருந்தது. தையல்காரர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"எல்லாம் சரி. ஆனா கதவண்ணன் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. முள்ளை எடுத்தது தப்புதான்."

"என்ன தப்பு?" என்று கொத்தனார் பாய்ந்தார். "வீடு கட்டுறவன் நான். குடியிருக்க ஒரு கூரை கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். ரெண்டு முள்ளு போனா என்னய்யா?"

"ரெண்டா? உடம்பு பூராவும்யா! உன்னை மொட்டை அடிச்சுட்டு நடுத்தெருவுல நிக்கச் சொன்னா நிப்பியா?"

"நீ தைக்கிற சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு அதுவே மேல்!"

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

"ஏங்க, வண்டியை எடுத்துட்டுப் பேசுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றேன். இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பி, "நீ சும்மா இருய்யா!" என்று கத்திவிட்டு, ஒருவர் ஹெல்மெட்டை மற்றவர் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள்.