பெயர் எழுதாத வான்

வாகனக் காப்புறுதி முகவரை ஆட்கள் இரண்டு நாட்களில்தான் பார்க்க விரும்புவார்கள்: வாகனம் வாங்கிய அன்றும், அதைக் கொண்டுபோய் இடித்த அன்றும். இடைப்பட்ட காலத்தில் மன்னார்ப் பட்டினத்தில் என் ஸ்கூட்டியைக் கண்டால் பலருக்கும் திடீரென்று ஃபோன் வந்துவிடும். அதைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி விடுவார்கள். நீங்களும் அப்படித் திரும்பியவராக இருக்கலாம். எனக்குக் கோபமில்லை, இதை மட்டும் வாசித்துவிடுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிய தைரியம்

மரியதாஸ் பேசாலைக்காரர். பழைய வான் ஒன்றில் ஆட்களை மடுவுக்கும் வவுனியாவுக்கும் ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். காப்புறுதி முடிய ஒரு கிழமை இருக்கும்போது ஃபோன் பண்ணினேன், எடுக்கவில்லை. முடிந்த பிறகு வீட்டுக்கே போனேன். வாசலில் வானைக் கழுவிக்கொண்டு நின்றார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வருட வரிப்பத்திரத்தைக் காட்டினார். அது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பொலிஸ் மறித்தால் அதைத்தான் பார்க்குமாம், அது இருந்தால் எல்லாம் இருக்கிற மாதிரியாம். அது வேறு, காப்புறுதி வேறு என்று நான் வெயிலில் நின்று விளங்கப்படுத்த, அவர் டயருக்குத் தண்ணீர் அடித்தார்.

“அக்கா, மடு மாதா திருவிழா முடியட்டும். கையில நாலு காசு வரும், நானே உங்களைத் தேடி வாறன்.”

ஒரு நாள் பிந்திய கேள்வி

தேடித்தான் வந்தார். ஆனால் திருவிழாவுக்கு முன்னமே வந்தார். அவர் வந்ததற்கு முதல் நாள் பின்னேரம், தள்ளாடி என்ற இடத்தில் வானைத் திருப்பும்போது ஒரு சைக்கிளைத் தட்டிவிட்டார். சைக்கிளில் போனவர் இராசேந்திரம் என்ற மேசன். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்து ஆசுப்பத்திரியில் கிடந்தார். பிழை தன்னுடையதுதான் என்று மரியதாஸ் ஒளிக்காமல் சொன்னார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

என் கந்தோர் மேசை லாச்சிக்குள், கரண்ட் நிற்கிற நாட்களுக்கென்று, கையால் எழுதிக் கொடுக்கும் தற்காலிகச் சான்றிதழ்ப் புத்தகம் ஒன்று இருக்கும். அவருக்கு அது தெரியும். விபத்து நடந்த நாள் காலையிலேயே எழுதியது போலத் திகதி போட்டு ஒன்று தரச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என் வேலை போகும், மறியலில் அடைபடவும் நேரலாம். அதைவிட, இப்படி ஒன்று எழுதிவிட்டால் பிறகு நான் எழுதுகிற எந்தத் திகதியை யார் நம்புவது? மரியதாஸ் அழவில்லை, கோபப்பட்டார்.

“ஒரு நாளைப் பின்னுக்குப் போட்டால் உலகம் என்ன கவிழ்ந்தே போயிடும், அக்கா?”

கட்டிலருகே

மரியதாசிடம் மாட்டேன் என்று சொல்வது சுலபம். இராசேந்திரத்தின் மனைவி செல்வியிடம் சொல்வது அப்படியில்லை. இந்தியாவில் முகாமில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த குடும்பம். மேசன் ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பினார், சொந்த வீட்டுச் சுவர் இடுப்பளவில் நிற்கிறது. ஆசுப்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஏணியில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களுக்குச் சோறு போடப்போவது யார்?

என் சான்றிதழ்ப் புத்தகத்தைப் பற்றி மரியதாஸ் செல்வியிடமும் சொல்லியிருந்தார். நான் பொய் எழுதினால் இவர்களுக்கு நட்டஈடு வரும், எழுதாவிட்டால் வராது. என் நேர்மை அந்த வார்டில் எனக்கே வெட்கமாக இருந்தது. வழக்குப் போட்டால் வானுக்கு உடையவர் கட்டத்தான் வேண்டும், ஆனால் வருஷக்கணக்கில் இழுபடும் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். செல்வி கணவனின் போர்வையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க தப்பா எதுவும் எழுத வேணாம் அக்கா. ஆனா யாரு குடுப்பாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

உடையவர் வந்தார்

யார் உடையவர்? வானின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்த பொலிஸ் நானாட்டான் ஊருக்கு ஆள் அனுப்பி, அதில் பெயரிருந்த கந்தசாமி ஐயாவை வயலிலிருந்து கூப்பிட்டது. எங்கள் பக்கத்தில் பழைய வாகனம் கைமாறுகிற விதம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். விற்பவர் பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். வாங்கியவரும் எழுத மாட்டார். பெயர் மாற்றச் செலவு மிச்சம், அடுத்த ஆளுக்கு விற்கவும் சுகம். இதற்கு ‘ஓப்பன் பேப்பர்’ என்று பெயர்.

அப்படித்தான் நான்கு வருஷமும் வானை ஓட்டியது மரியதாஸ், பதிவுப் புத்தகத்தில் இருந்தது கந்தசாமியின் பெயர். வருஷா வருஷம் கந்தசாமி பெயரிலேயே காப்புறுதி எழுதிக் கொடுத்தது நான். தெரிந்துதான் எழுதினேன். பெயரை மாற்றச் சொன்னால் ஆள் வேறு முகவரிடம் போய்விடும் என்ற பயம். இதை ஐயாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவரோ சேற்றுக் காலோடு என் கந்தோருக்கு வந்து என்னிடம்தான் பாய்ந்தார்.

“பிள்ளை, நான் வித்து நாலு வருசம்! அந்த வான் இப்ப என்ன நிறம் எண்டுகூட எனக்குத் தெரியாது.”

மூன்று கதிரை

அடுத்த நாள் என் கந்தோரில் மூன்று பேரும் இருந்தார்கள். மரியதாஸ் பெயர் எழுதாத அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கந்தசாமி ஐயா தன் பழைய கையெழுத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்த செல்வியைப் பார்த்தார். இரவில் யோசித்திருப்பார் போலும், கோபம் அடங்கியிருந்தது.

“தம்பி, இதில உம்மட பேரை எழுதினீர் எண்டால் வான் உம்மடை. இந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீர்தான். எழுதாட்டில் வான் என்ரை. நான் இப்பவே கொண்டுபோய் வித்து அந்தக் காசை இவவிட்டைக் குடுக்கிறன்.”

இன்று எழுதும் பெயர், விபத்து நடந்த அன்று பதிவில் இருந்த பெயரை மாற்றிவிடாது என்று எனக்குத் தெரியும், ஐயாவுக்கும் தெரியும். அவர் பேசியது சட்டம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய வான் என்று மரியதாஸ் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்கு அத்தாட்சியாக அவரிடம் இருந்தது அந்த வெறும் இடம் மட்டும்தான். மேசன் எழும்பி வேலைக்குப் போகும்வரை வான் உழைப்பில் பாதி செல்விக்கு என்று பொலிசில் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். முடிந்துபோன காப்புறுதியையும் அன்றே புதுப்பிப்பதாகச் சொன்னார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மரியதாஸ் படிவத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்து, என்னிடம் கேட்டார்:

“பேனையைத் தாங்கோ அக்கா. முழுப் பேரும் எழுதவோ, மரியதாஸ் எண்டு மட்டும் போட்டால் காணுமோ?”

தன் வானுக்குத் தன் பெயரை எழுத ஒரு மனிதருக்கு நான்கு வருஷமும், அடுத்தவரின் ஒரு காலும், அதுவரை வாயைத் திறக்காமல் தரகு வாங்க என்னைப் போல ஒருத்தியும் வேண்டியிருக்கிறது.