அவர் வரைந்த மாதா

கிளிநொச்சியில் ஓவியர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சிக்கு என் கணவருக்குத்தான் அழைப்பு வந்தது. அவருக்குக் காய்ச்சல் என்பதால் நான் போனேன். புளியங்குளத்தில் எங்கள் பெயர்ப்பலகைக் கடையில் எழுத்து அவர் வேலை, உருவங்கள் என் வேலை. ஊருக்கு எல்லாமே அவர் வேலைதான்.

பேச வந்த சித்திர ஆசிரியர் திரையில் ஓர் ஐரோப்பியப் படத்தைக் காட்டி, "இந்த ஓவியர் நிழலை எப்படிக் கையாண்டிருக்கிறார் பாருங்கள்" என்றார். நானும் தாடி வைத்த ஒரு கிழவரை மனதில் இருத்திக்கொண்டேன். தேநீருக்குப் பிறகு ஆசிரியர் மேடைத் தமிழை விட்டு ஊர்ப் பேச்சுக்கு வந்தார். "அவா கீறின படத்தைக் கனகாலம் புருஷன்ர எண்டுதான் எல்லாரும் நினைச்சவை."

அவாவோ! நான் கிழவரென்று நினைத்தது ஒரு பெண்ணை. தகப்பன் பட்டறையிலும் புருஷன் பட்டறையிலும் வரைந்து வரைந்து பெயரில்லாமல் போன பெண்கள் அங்கே நிறையப் பேராம். படங்களை வைத்திருக்கும் நூதனசாலைகள் இப்போதுதான் பெயரைத் திருத்துகின்றனவாம். செத்த பிறகு திருத்தி என்ன பிரயோசனம்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே கேள்விதான்.

வீட்டில் தேவாலயத்துக்கு வரைந்த மாதா படம் முடியும் தறுவாயில் இருந்தது. முகம், கை, முக்காடு எல்லாம் நான். ஞாயிற்றுக்கிழமை திறந்துவைக்க இருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, இதில என்ர பேரைப் போடப்போறன்."

கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தார். "பொம்பிளை கீறினதெண்டு தெரிஞ்சா அடுத்த வேலைக்கு ஆர் எங்களைக் கூப்பிடுவினம்?"

"அங்கயும் இதைத்தான் சொல்லியிருப்பினம்."

"எங்கை?"

"ஐரோப்பாவில."

காய்ச்சல் தனக்கா எனக்கா என்று அவர் யோசித்திருப்பார். "சரியப்பா, உன்ர விருப்பம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அவர் கெட்டவரில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சண்டை பிடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

தூரிகையைப் படத்தின் மூலையில் வைத்தேன். கை தன்பாட்டில் அவருடைய பெயரின் முதலெழுத்தைப் போட்டது, அவர் போடும் அதே சுழியோடு. வேலை நெருக்கடியில் அவருடைய கையெழுத்தையும் எத்தனையோ தரம் நான்தான் போட்டிருக்கிறேன். என் பெயரை ஒருநாளும் போட்டதில்லை. தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. மூலையை வெறுமையாகவே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சுவாமியார் படத்தின் திரையை விலக்கினார். குனிந்து பெயரைத் தேடினார். இல்லை. இல்லாவிட்டால் என்ன, நேரே வந்து என் கணவரிடம் கையை நீட்டினார்.

கணவர் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கையைக் கொடுத்தார்.