எடைக் கொட்டகையில் ஒரு வயலின்

சம்பளமில்லாத வாத்தியக் குழுவில் சேருகிறவர் முதலில் கற்பது நாற்காலி அடுக்க, வாசிப்பெல்லாம் பிறகு. ஊட்டியில் அப்படியொரு குழுவில் நான் வயலின். படிப்பது எம்.ஏ. ஞாயிறு தோறும் ஊரின் காந்தல் பகுதியில் எங்கள் இலவச வகுப்பு, வருஷத்துக்கொரு பொது நிகழ்ச்சி. குளிரில் நடுங்கும் கையோடு சுருதி சேர்த்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

விரல்

வயலின் பழகும் யாருக்கும் முதல் மாதம் இடது கை விரல்நுனி எரியும். ஒரு ஞாயிறு இதைப் பற்றிப் பெரிய அனுபவசாலி மாதிரி விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் இலை பறிக்கும் செல்வியக்கா அன்றுதான் வகுப்பில் சேர்ந்திருந்தார். தந்தியை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் ஒரு வலியா அம்மிணி? எல கிள்ளிக் கிள்ளி இந்த வெரலுக்கு எப்பவோ ஒறப்பேறிப் போச்சு."

லீவு

மூன்று வருஷம் கழித்து, இந்த வருஷ நிகழ்ச்சியில் தனி வயலின் பகுதி யாருக்கு என்ற பேச்சு வந்தது. எனக்குத்தான் என்றிருந்தேன். குழுவை நடத்தும் மாஸ்டர் (பகலில் பேக்கரிக்காரர்) செல்வியக்காவை வாசிக்கச் சொன்னார். கேட்டபின் எனக்கு எதிர்வாதமே தோன்றவில்லை. வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் மண்டபம் கிடைத்தது சனிக்கிழமை மாலை. எஸ்டேட்டிலோ இலை குவியும் பருவம், லீவு கிடையாது. கமிட்டியில் ஒருவர் உடனே அந்தப் பகுதியை என்னிடம் தள்ளினார். மூன்று வருஷம் பஸ் ஏறி வந்து பழகியவரிடமிருந்து பிடுங்கி எனக்குத் தருவதா? கொதித்துப்போய் நேரே எஸ்டேட் சூப்பர்வைசரிடம் போனேன். அரை மணி நேரம் கலைஞரின் உரிமை, உழைப்பவரின் உரிமை என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, நீங்க பேசுன நேரத்துக்கு அந்தக்கா ரெண்டு கிலோ எடுத்திருப்பாங்க. லீவு இல்லீங்க."

மூட்டை

"அவர் மண்டபத்துக்கு வர முடியாதென்றால் நாம் அங்கே போவோம்" என்று கமிட்டியில் சண்டை போட்டேன். மாஸ்டர் என் பக்கம் நின்றார். பறித்த இலையை மாலையில் நிறுக்கும் கொட்டகையிலேயே நிகழ்ச்சி என்று முடிவாயிற்று. சூப்பர்வைசர் போட்ட நிபந்தனை ஒன்றே: எடை நிற்கக் கூடாது.

அன்று நாற்காலி போதவில்லை. எங்கள் செல்லோக்காரர் (செல்லோ, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின்), தாலுகா ஆபீஸ் மனிதர், நிதானமாக ஓர் இலை மூட்டைமேல் உட்கார்ந்தார். நசுங்கினால் இலை சூடேறிக் கெட்டுவிடும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? எடை வரிசையில் நின்ற, செல்வியக்காவோடு இலை பறிக்கும் ராணியக்கா கத்தினார்: "சார், எந்திரிங்க! நாங்க உங்க வாத்தியத்து மேல உக்காந்தமா?"

முள்

அங்கே ஒரு வழக்கம். மூட்டை தராசில் தொங்கும்போது பறித்தவரே பக்கத்தில் நின்று முள்ளைப் பார்ப்பார். பார்க்காவிட்டால் சூப்பர்வைசர் நோட்டில் எழுதியதுதான் எடை. செல்வியக்கா தனிப்பகுதியைத் தொடங்கி நாலு சுரம்கூட ஆகவில்லை, "செல்வி!" என்று கூப்பிட்டார் சூப்பர்வைசர். வில் தயங்கியது. எனக்குத் தொண்டைவரை வாதம் வந்துவிட்டது. அதற்குள் ராணியக்கா செல்வியக்காவின் மூட்டையைத் தூக்கித் தராசில் மாட்டிவிட்டு, "நீ வாசி செல்வி, முள்ள நான் பாத்துக்கறேன்" என்றார்.

செல்வியக்கா வாசித்தார். இலைக்கறை ஏறிய விரல்கள் தந்தியில் ஓடின. இத்தனை நாள் நானும் அதே சுரங்களைத்தான் வாசித்தேன். அவை அவ்வளவு அழகு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வரிசை நகரவில்லை. பேனாவும் கையுமாக நின்ற சூப்பர்வைசர், கடைசி சுரம் அடங்கிய பிறகும் அப்படியே நின்றார். ராணியக்காதான் உசுப்பினார்: "ஏனுங்க சார், முள்ளு நின்னு வெகு நேரமாச்சு, எழுதுங்க!"

நான் அரை மணி நேரம் பேசியும் அசையாத மனிதரைச் செல்வியக்கா மூன்றே நிமிஷத்தில் எடையை மறக்க வைத்துவிட்டார், இதில் வாதாட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் ஒரே குறை.