கஸ்தூரி அக்கா பார்த்த ஓங்கில்

இரங்கல் கூட்டத்தில் தணிகாசலம் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கியபோது, "நீங்கள் சொன்னது பொய்" என்று நான் சொல்லவில்லை. குடியிருப்பு மன்றத்தின் ஹாலில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி அக்காவின் படத்துக்குப் போட்டிருந்த மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை அவரே நிமிர்த்திவிட்டுத்தான் இறங்கினார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்து அல்ல. இறந்தவரின் படத்துக்கு முன்னால் ஒரு பெண் சத்தம் போட்டால், சத்தம் போட்டது மட்டும்தான் ஆவடி முழுக்க நினைவிருக்கும். பொய் தப்பித்துக்கொள்ளும்.

செய்தி எனக்கு வந்தது காலை ஷிப்டுக்குப் போகும்போது, சீருடை தைக்கும் எங்கள் தொழிற்சாலையின் சைக்கிள் ஸ்டாண்டில். "உங்க டேபிள் கஸ்தூரி போய்டுச்சாம்மா. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம்" என்றார் ஸ்டாண்டுக்காரர். டோக்கன் வாங்காமலே உள்ளே போய்விட்டேன். எங்கள் மேசையில், அவர் சரிபார்த்து முடிக்காத சீருடைச் சட்டைகள் அவர் வைத்தபடியே இருந்தன. தையல் பிரிவில் அவரிடமிருந்து திரும்பி வராத சட்டையே இல்லை என்று சொல்வார்கள். ஒரு பொத்தான் இழுத்தால் ஆடும் என்று தெரிந்தால், தைத்தவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே இழுக்க வைப்பார்.

அவரை நூம்பல் ஊர்க்காரராக உங்களில் பலருக்குத் தெரியும். மழைக்காலத்தில் கூவத்தில் வெள்ளம் வரும்போது கெளுத்தி பிடித்து வளர்ந்தவர். கணவர் இறந்த பிறகு தொழிற்சாலை வேலை இவருக்கு வந்தது. கணவர் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக் குழுவில் இருந்தவர். அந்தக் குழுவின் வேன் ஆவடியில் புறப்பட்டு, பாடி சந்திப்பில் டீ குடிக்க நின்று, கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்துக்குப் போகும். துக்கம் கழிந்த முதல் ஞாயிறு, இவர் கணவரின் தூண்டிலோடு போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அவரு வேல எனக்கு வந்துச்சுன்னா அவரு சீட்டும் எனக்குத்தான். வண்டிய எடு நைனா" என்றாராம்.

அந்தக் குழுவுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. இன்றும் இருக்கின்றன. முதலாவது, கழிமுகத்தில் தனி ஆளுக்குப் படகு கிடையாது. நீர் இழுக்கும் இடம், ஒரு படகுக்கு இருவர் வேண்டும். இரண்டாவது, மதியம் கரையில் சோறு பிரிக்கும்போது யார் எதைப் பார்த்ததாகச் சொன்னாலும், அதே படகில் இருந்த மற்றவர் "ஆமாம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது நடக்கவில்லை. தூண்டில்காரர்களின் வாயை அறிந்து யாரோ வைத்த சட்டம். ஆள் நீளக் கொடுவா அறுத்துக்கொண்டு போன கதைகள் பலவும் அந்தச் சோற்றிலேயே முடிந்து போயிருக்கின்றன.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அன்று கஸ்தூரி அக்காவுடன் படகில் போனவர் தணிகாசலம். பராமரிப்புப் பிரிவில் சார்ஜ்மேன், அதாவது மேற்பார்வையாளர். பெரிய மீனோடு படம் எடுத்துக்கொள்வதில் பிரியம் உள்ளவர். ரயில் பாலத்தைத் தாண்டி ஆற்றுக்குள் ஓர் ஓங்கில் வந்துகொண்டிருந்தது. புத்தகங்களில் டால்பின் என்று எழுதுகிறார்களே, அதுதான். கடலில் துள்ளிப் போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆற்றுக்குள், அவ்வளவு தூரம் உள்ளே, யாரும் பார்த்ததில்லை. அது துள்ளவில்லை. மூக்கின் மேல் செத்த குட்டியைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நீந்தியது. குட்டி நழுவும். அது உள்ளே போய் மறுபடியும் தூக்கி வரும்.

கஸ்தூரி அக்கா துடுப்பை நிறுத்தினார். தணிகாசலம் மீன் இழுக்கும் நீளக் கொக்கியை எடுத்தார். குட்டி நழுவிய நேரம் பார்த்துக் கொக்கியைப் போட்டு அதைப் படகுக்குள் இழுத்துவிட்டார். "கரையில வெச்சு ஒரு போட்டோ எடுத்தா போதும்" என்றாராம். தாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் மூச்சு தன் முழங்கையில் பட்டது என்று கஸ்தூரி அக்கா சொல்வார். அவர் குட்டியை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் விட்டார். நடந்த இழுபறியில் தணிகாசலத்தின் வெளிநாட்டுத் தூண்டில் ரீல் ஆற்றுக்குள் போனது.

கரையில் சோறு பிரித்தார்கள். கஸ்தூரி அக்கா பார்த்ததைச் சொன்னார். கொக்கியைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு மனிதரைச் சபையில் கேவலப்படுத்த வேண்டாம் என்று விட்டார். எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, "உரச் சாக்கு மிதந்து வந்துச்சு. அதப் பாத்து இந்தம்மா பயந்து அலறிச்சு. என் ரீலுதான் போச்சு" என்றார்.

அதோடு கஸ்தூரி அக்காவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் "சாக்கு அக்கா வராங்க, வழி உடுங்கப்பா" என்பார்கள். அதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அடுத்த ஞாயிறிலிருந்து அவரோடு படகில் உட்கார ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் படகு இல்லை. வேனில் போவார், கரையில் உட்கார்ந்திருப்பார், வேனில் வருவார். மாதக் கணக்கில் அப்படிப் போய் வந்திருக்கிறார். "ஏன் போனீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "நான் போவலன்னா அவனுக்கு நிம்மதியா இருக்குமே" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்து அவர் மேசைக்கு வந்தபோது, அவர் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி, "தண்ணின்னா பயமா?" என்பது. இல்லை என்றேன். அந்த வாரமே படகில் தன் எதிர்ப்பலகையில் உட்கார வைத்துவிட்டார். எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. புத்தகம் கொண்டுபோவேன். ஏதாவது தெரிந்தால் துடுப்பால் என் காலைத் தட்டுவார்.

அப்படித்தான் ஒரு மாலை சேற்று மேட்டில் இரண்டு நீர்நாய்கள் ஒரு மடவை மீனைப் பங்கு போட்டுக்கொள்ளச் சண்டையிடுவதைப் பார்த்தேன். இன்னொரு நாள் வழி தவறிய ஆமை ஒன்று படகின் கீழாகவே போனது. "பாத்தியா?" என்றார். தலையாட்டினேன். "தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு." "பாத்தேன் அக்கா." "கரையிலயும் இப்டியே சொல்லு." கரையில் சொன்னேன். கேட்டவர்கள் சோற்றைப் பிசைந்தபடி ஒப்புக்கொண்டார்கள். கஸ்தூரி அக்கா அப்போது தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழிமுகத்தில் படகு விடும் ஆறுமுகம் ஒருநாள் எங்களிடம், "அந்த ஓங்கிலு குட்டிய தூக்கினு போச்சே, நான் பாலத்தாண்ட வலை போட்டுகினு இருந்தேன். சார் கொக்கி போட்டு இழுத்தாரு, நீதான் திருப்பி உட்ட. யாரும் என்னியக் கேக்கலியே" என்றார். எனக்குத் துள்ளலாக இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லோர் முன்பும் சொல்ல வைக்கலாம் என்றேன். கஸ்தூரி அக்கா மறுத்துவிட்டார். "இவரு பாத்தது இவருக்கு. என் படகுல குந்தினு இருந்தவன் வாயிலேர்ந்து வரணும். அதுவரைக்கும் நான் உடமாட்டேன்."

விடவும் இல்லை. தணிகாசலத்தை எங்கே கண்டாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "இன்னா அண்ணாத்தே, ஆமாவா, இல்லையா?" ரேஷன் வரிசையில் கேட்டார். சென்னீர்குப்பம் நிறுத்தத்தில், ஓடத் தொடங்கிய பேருந்தின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தணிகாசலத்தின் மகள் கல்யாணத்தில் மேடையேறி, பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து, புகைப்படக்காரர் "சிரிங்க" என்ற நேரத்தில் குனிந்து கேட்டார். அந்த ஆல்பத்தில் பெண்ணின் அப்பா பல்வலிக்காரர் போல நிற்கிறார்.

போதும், மன்னித்துவிடலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். படித்த புத்தகங்கள் அப்படிச் சொல்ல வைத்தன. "மன்னிக்கிறதுன்னா எதிராளி வந்து கேக்கணும்மா. கேக்காதவனுக்கு நான் இன்னாத்த குடுக்கிறது?" என்றார்.

இனி, கூட்டத்தில் தணிகாசலம் சொன்னது. "அம்மையார் அவர்களும் நானும் ஒருநாள் ஆற்றிலே ஓர் அதிசயத்தைக் கண்டோம். செத்த குட்டியைச் சுமந்து வந்த ஓங்கில். அம்மையார் பயந்து நடுங்கிவிட்டார். நான்தான் அந்தக் குட்டியை இந்தக் கைகளால் தூக்கி, தாயிடம் திருப்பிவிட்டேன். அந்தத் தாயின் கண்ணீரை மறக்க முடியுமா?" கைகளை விரித்துக் காட்டினார். இத்தனை வருடம் கிடைக்காத "ஆமாம்" அன்று கிடைத்தது. அதைக் கேட்க வேண்டியவர் சுவரில் மாலைக்குள் இருந்தார். மறுத்துப் பேச அக்காவுக்கு வாய் இல்லாத பிறகுதான் தணிகாசலத்துக்குப் பேச்சு வந்தது.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் யாரையும் வெறுத்ததில்லை என்று எழுதுகிறோம். கஸ்தூரி அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் அது அவருக்குச் செய்யும் துரோகம். அவர் ஒருவரை நன்றாக, சிரித்த முகத்தோடு, ஒரு வாரம்கூடத் தவறாமல் வெறுத்தார். அவருடைய தூண்டில் அவர் மகளிடம் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது அந்த வெறுப்பைத்தான். அதை ஆறவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதையும் அவரைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு நான் வேனில் போனேன். கரையில் சோறு பிரித்ததும் தணிகாசலம் அதே கதையை மறுபடியும் தொடங்கினார். முடிக்க விட்டேன். பிறகு, "சார், ஒண்ணு கேக்கட்டுமா? தண்ணிக்குத் திருப்பி விட்டேன்னு சொல்றீங்க. தண்ணியில இருந்த குட்டி படகுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் மீன் பிடிப்பவர்கள். சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"அதுவா... அம்மையார்தான் தூக்கிப் பார்க்கணும்னு..." என்றார்.

"கொக்கி போடாம வராதே. அக்காகிட்ட கொக்கி இல்லியே" என்றார் குழுவில் வயதில் மூத்தவர்.

கயிறு முறுக்கிக்கொண்டிருந்த ஆறுமுகம் நிமிராமலே, "உன் கொக்கிதான் சார். நான் பாத்துகினுதானே இருந்தேன்" என்றார்.

தணிகாசலம் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "செத்துப்போனவங்க பேர்ல எதுக்கும்மா இப்ப வம்பு" என்று என்னிடம் சொன்னார். மதியம் படகுகள் இருவர் இருவராகப் புறப்பட்டன. அவரோடு உட்கார யாரும் போகவில்லை. அவர் தூண்டில்களைக் கட்டிக்கொண்டு மேட்டுச் சாலைக்கு நடந்து போய்ப் பேருந்து ஏறினார். அடுத்த ஞாயிறு வேன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவர் வராததால் புறப்பட்டது. அதற்கடுத்த ஞாயிறு நிற்கவில்லை.