விட்டுவிட்டு வந்தவள்

‘மற்றவை’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். மலேசியாவில், செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் நான். பழுதான சர்க்கியூட் பலகை ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்று எழுத வேண்டும். பற்றவைப்பு சரியில்லை, பாகம் மாறிவிட்டது, விரிசல் விழுந்திருக்கிறது, இப்படி. யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள் ‘மற்றவை’ என்று போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அந்த ‘மற்றவை’ கொஞ்சம் கூடினால் போதும், மேலாளர் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். ஒரு பலகை ஏன் செத்தது என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

ஓய்வுபெற்ற பிறகு ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய பெண்கள் குழுவில் சேர்ந்தேன். ஜொகூரில் கொல்லப்படும் பெண்களைப் பற்றிய செய்திகளையும் வழக்கு விவரங்களையும் திரட்டிக் கணினியில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. “கோயில் கொளம்னு போற வயசுல இவ பொணக்கணக்கு பாக்கறா” என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சில நாட்கள் சிரிப்பு வராது.

எந்த நாட்டிலும் கொலைகளை எண்ணுகிறார்கள். செத்தது ஆணா பெண்ணா என்றும் எழுதுகிறார்கள். அவள் பெண் என்பதால்தான் கொல்லப்பட்டாளா, கொன்றவன் அவளுக்கு யார், அதற்கு முன்பே அடித்துக்கொண்டிருந்தானா என்று கேட்கும்போதுதான் இழுபறி தொடங்குகிறது. பல நாடுகள் கூடி இதற்கென்று ஒரு வழிகாட்டி வகுத்திருக்கின்றன. அதைத்தான் நாங்களும் பின்பற்றினோம். ஆனால் நான் சேர்ந்த முதல் வாரம் திரையைத் திறந்தபோது, கொன்றவன் யார் என்ற இடத்தில் ‘அறிமுகமானவர்’, ‘மற்றவர்’ என்றே வரிசையாக நின்றன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பலகைக்குக் கிடைத்த மரியாதைகூடப் பெண்ணுக்கு இல்லையா?

பொந்தியானில் ஓர் இளம்பெண்ணைக் குத்திக் கொன்ற வழக்கு அந்தச் சமயத்தில்தான் எங்களிடம் வந்தது. கைதானவனுக்கும் அவளுக்கும் என்ன உறவு என்ற இடத்தில், வழக்கு விவரத்தில் மலாய் மொழியில் ‘கெனாலான்’ என்று இருந்தது. தெரிந்தவர், அறிமுகமானவர், அவ்வளவுதான். நானும் அப்படியே ஏற்றினேன். ஒரு வாரம் கழித்து, பொந்தியானில் இருக்கும் என் பழைய தொழிற்சாலைத் தோழி ஒருத்தி தொலைபேசியில் அகப்பட்டாள். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

“தெரிஞ்சவனா? அவங்க கல்யாணத்துல நான் சாப்பிட்டேன்லா!” என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம்மவர்களின் வழக்கம் இது. கோயிலில் தாலி, பந்தி, மாலையும் கழுத்துமாகப் படம், எல்லாம் குறைவில்லாமல் நடக்கும். பதிவுத் திருமணம் மட்டும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போகும். லீவு கிடைக்கவில்லை, ஐசி அடையாள அட்டை தொலைந்துவிட்டது, மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை என்று ஏதாவது ஒரு காரணம். அந்த அப்புறம் சில வீடுகளில் வருவதேயில்லை. ஊரே கைநனைத்த கல்யாணம், ஆனால் எந்தக் கோப்பிலும் அவள் திருமணமாகாதவள். அவளைக் கொன்றால், கொன்றவன் அவளுக்குத் தெரிந்தவன்.

குழுவை நடத்தும் வழக்கறிஞர் இளையவர், நிதானமானவர். “ரெக்கார்ட்ல இருக்கறததான் போடணும்க்கா. நாமளா மாத்தினா நாளைக்கு யாரும் நம்ம கணக்க நம்பமாட்டாங்க” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆதாரத்தோடு மாற்றலாமே என்றேன். சரி என்றார்.

கல்யாணப் படம் ஒன்றை வாங்கி வரலாம் என்று, தோழி மூலம் பெண்ணின் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, பொந்தியானுக்குப் போனேன். ஸ்கூடாய் நெரிசலில் ஊர்ந்து வெளியே வருவதற்குள், அந்த அம்மாவிடம் பேச வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். பெரிய நியாயத்தை வாங்கித் தரப்போகிறவள் போல எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

இறந்த பெண்ணின் அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர். கிட்டத்தட்ட என் வயது. பெரிய தாமான் குடியிருப்பு ஒன்றின் கடைசி வரிசையில் வீடு. பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “அவன் யாரோ தெரிஞ்சவன்னு எழுதியிருக்காங்கக்கா. புருஷன்னு மாத்தணும். கல்யாணப் போட்டோ ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும்” என்றேன்.

அவர் முகம் மாறியது.

“புருஷன்னு போடாதீங்க.”

“இல்லக்கா, அப்பத்தான் சரியான கணக்குல வரும்…”

“வரவேணாம். எம்மக அவன விட்டுட்டு வந்துட்டா. தாலிய அவளே கழட்டி கோயில் உண்டியல்ல போட்டுட்டா. எங்கூடதான் இருந்தா. காலையில வேலைக்குக் கெளம்பி வாசல் கேட்டத் தொறந்திருக்கா, வெளிய நின்னுக்கிட்டு இருந்திருக்கான்.” அவர் குரல் உயரவில்லை. “புருஷன்னு எழுதினா படிக்கறவங்க என்ன நெனப்பாங்க? புருஷன் பொஞ்சாதி சண்ட, கைய நீட்டிட்டான், அவ போய்ச் சேந்துட்டான்னுதான? அவ சண்டையில சாவல. வெளிய வந்ததுக்காகக் கொன்னான். முடிஞ்சா அத எழுதுங்க. முடியலன்னா என்னமோ எழுதிக்குங்க, என்னைக் கேக்காதீங்க.”

என் மிதப்பு இருந்த இடம் தெரியவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேனா என்றுகூட நினைவில்லை. திரும்பி வரும் வழியில் எண்ணெய் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகளை அழைத்தேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். “அலமாக், ம்மா, மீட்டிங்ல இருக்கேன்லா” என்று வைத்துவிட்டாள். எனக்கு அந்தச் சலிப்பைக் கேட்பதே போதுமாக இருந்தது.

வழிகாட்டியில் ‘முன்னாள் கணவர் அல்லது துணைவர்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. முன்னாள் என்றால் எப்போதோ முடிந்துபோன உறவு என்றுதான் பொருள்படும். அவள் கிளம்பினாள், அதனால் அவன் வந்தான் என்பது அதில் எங்கே இருக்கிறது? தொழிற்சாலையில் பலகை வெந்துபோயிருந்தால், எந்தக் கட்டத்தில் வெந்தது என்று கேட்காமல் விடமாட்டார்கள். கட்டம் தெரிந்தால்தான் அடுத்த பலகையைக் காப்பாற்ற முடியும்.

மறுநாள் வழக்கறிஞரிடம் சொன்னேன். பட்டியலில் புதிதாக ஒரு கேள்விப் பத்தி சேர்க்க வேண்டும், அவள் அவனை விட்டுப் பிரிந்திருந்தாளா, பிரியப் போவதாகச் சொல்லியிருந்தாளா என்று. ஆவணம் சொல்வது ஒரு பக்கம், குடும்பம் சொல்வது ஒரு பக்கம், ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டாம். அவர் சிறிது நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, “எல்லாக் கேஸுக்கும் இது தெரிஞ்சா, வீட்ட விட்டு வர்ற நாள்லதான் காவல் வேணும்னு அதிகாரிங்ககிட்ட தைரியமா கேக்கலாம்க்கா” என்றார். அன்றே பத்தியைச் சேர்த்தோம். பொந்தியான் பெண்ணுக்கு நேரே ‘ஆம்’ என்று விழுந்தது.

பள்ளி விடுமுறை விட்டதும் அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். “எங்க எழுதியிருக்கீங்க, காட்டுங்க” என்றார்.

எங்கள் பட்டியலில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். அவர் மகளின் வரியைத் தொட்டுக் காட்டினேன். ‘ஆம்’ என்ற சொல்லையே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அழுவார் என்று நினைத்து நான் காகிதக் கைக்குட்டையை நகர்த்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

“மேல இருக்கற பொண்ணுங்களுக்கு ஏன் ஒண்ணும் எழுதல?”

“இப்பத்தான இந்தக் கேள்வியையே சேத்தோம். இனிமேதான் கேக்கணும். ரெண்டொரு வீட்டுக்குப் போன் போட்டுப் பாத்தேன். பேசமாட்டேங்கறாங்க.”

“நீங்க கேட்டா எப்படிச் சொல்லுவாங்க? நான் கேக்கறேன்.”

வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். குளுவாங்கில் ஒரு தாயார் இருந்தார். முன்பே எங்களிடம் பேசியவர், தேவையென்றால் மறுபடியும் கூப்பிடலாம் என்று சொன்னவர். முதலில் நானே அழைத்து, உங்களைப் போல மகளை இழந்த ஓர் அம்மா பேச விரும்புகிறார், பேசுகிறீர்களா என்று கேட்டேன். குடுங்க என்றார். ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தேன்.

“யம்மா, நான் பொந்தியான். எம்மகளையும் கொன்னுட்டாங்க” என்றார் இவர். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒங்க மக அவன விட்டுட்டு வந்துட்டாளா?”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“வந்தா” என்றது அந்தக் குரல். “பையத் தூக்கிக்கிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கிட்டு வந்தா. நாங்கதான் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பிட்டோம். நானே கொண்டுபோய் விட்டேன்மா.” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். “அத எழுதாதீங்க. நல்லாருப்பீங்க. எழுதாதீங்க.”

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என்ன கணக்கு வேண்டிக்கிடக்கிறது, இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமா என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இவர் தொலைபேசிக்குக் கிட்டே குனிந்தார்.

“யம்மா, இங்க கேளுங்க. நான் அனுப்பல. எங்கூடவேதான் வச்சிருந்தேன். ராத்திரியில கேட்டப் பூட்டி சாவிய என் தலமாட்டுலதான் வச்சிருப்பேன். அப்பவும் என் வீட்டு வாசல்லயே வந்து கொன்னுட்டுப் போயிட்டான். நீங்க அனுப்பினதால சாவலம்மா. அவன் கொன்னதால செத்தா.”

அந்தப் பக்கம் அழுகை கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அப்ப எழுதிக்குங்க” என்றார் குளுவாங் அம்மா. “நாங்க திருப்பி அனுப்பினோம்னும் எழுதிக்குங்க. ஆனா அவ வந்துட்டா. அத மொதல்ல எழுதுங்க.”