படகில் கேட்ட சத்தம்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி ஓய்ந்து கிடக்கிற நாட்களில், முதலாளி வேலையாட்களைக் குடும்பத்தோடு வேன் பிடித்துக் கன்னியாகுமரிக்கு அனுப்பிவைப்பார். சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்களுக்கு வேறு கடல் ஏது, கப்பல் ஏது? படகில் ஏறிப் பாறைக்குப் போய்வருவதுதான் எனக்குக் கப்பல் பயணம். இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம்வரை அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த முறை அம்மாவும், அவளோடு பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அத்தைமாரும் படகுக்குள் நுழைந்ததுமே வாசல் பக்கத்து இருக்கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ ஜன்னல்தான் வேண்டும். அழுது அடம்பிடித்து உள்ளே தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

"இங்கன இருந்தா கடலு எந்திரிச்சா போயிரும்?" என்று அம்மா முணுமுணுத்தாள்.

கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. என்ஜினைக் கிளப்பியதும் டமார் என்று ஒரு சத்தம், கொஞ்சம் கறுப்புப் புகை, அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் எங்கள் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் படகுத்துறைக்குத் தாவியிருந்தார்கள். அம்மாவும்தான். என்னை விட்டுவிட்டு!

மற்ற பயணிகள் ஒருவரும் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். வாசலில் அணுகுண்டு வெடித்தாலும் இமை அசைக்காதவள் என் அம்மா. இந்தச் சத்தத்துக்கா ஓடினாள்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெளியே ஒரே கூச்சல். "உள்ள போகாதீக மைனி, போகாதீக!" என்று ஓர் அத்தை அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அம்மா உதறிக்கொண்டு வந்து என்னைத் தூக்கினாள். கையைத் தடவினாள், காலைத் தடவினாள், அப்புறம் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"சத்தம் கேட்டா ஓடியாறணும்னு தெரியாதாடி ஒனக்கு?"

"நீ ஏன் என்னைய விட்டுட்டு ஓடுன?"

"ஒண்ணுமில்லம்மா, என்ஜின்தான் இருமுது" என்றார் படகுக்காரர். அம்மா வாங்கித் தந்த சிப்பி மாலையை வீசி எறிந்தேன். வேனில் வேறொரு அத்தையின் மடியில் படுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். ரொம்ப நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மருந்து அறையில் சத்தம் கேட்டால் யாருக்காகவும் நிற்கக் கூடாது, வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகவே கூடாது என்பது அங்கே முதல் நாள் பாடம். மீறிப் போனவர்கள் கதை எங்கள் பக்கம் உண்டு, எதுவும் நல்லபடி முடிந்ததில்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அம்மா என்னை விட்டு ஓடினாள் என்பதை மட்டும் பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் திரும்பி உள்ளே வந்தது என் கணக்கிலேயே வரவில்லை.